லைட் போட்டால் ஏறும் முள்: ஆரியங்காவு ஜீப் ஒன்றின் வயரிங் ஆய்வு

செங்கோட்டையில் இருந்து புளியரை தாண்டி, கோட்டைவாசல் ஏறி, ஆரியங்காவு இறங்கும் சாலையில் தினமும் ஆள் ஏற்றி ஓடும் பழைய டீசல் ஜீப் அது. மலைச்சாலை என்பதால் இன்ஜின் சூட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்று உரிமையாளர் டாஷ்போர்டின் நடுவில் மூன்று கேஜ் போட்டிருந்தார். ஒன்று தண்ணீர் சூடு, ஒன்று ஆயில் பிரஷர், ஒன்று வோல்ட் மீட்டர். மூன்றும் 52 மில்லிமீட்டர் விட்டம், உள்ளே விளக்கு எரியும் ரகம். மாட்டியது வேறொரு கடை.

புகார் இதுதான். பகலில் மலை ஏறினால் சூட்டு முள் 75 டிகிரி பக்கம் நிற்கும். இருட்டி லைட் போட்டதும் 95-ஐத் தொடும். இரவில் ஒவ்வொரு ஏற்றத்திலும் வண்டியை ஓரம் கட்டி பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். ரேடியேட்டர் கழுவியாயிற்று, தெர்மோஸ்டாட் மாற்றியாயிற்று, ஃபேன் பெல்ட்டும் புதுசு. இவ்வளவுக்குப் பிறகும் முள் அடங்கவில்லை.

“தம்பி, கேஜே டூப்ளிகேட்டுன்னு சொல்லிட்டாங்க. நல்லதா ஒண்ணு போட்டு விட்ருங்க” என்றுதான் கடைக்குள் வந்தார்.

“கேஜைக் கழற்ற வேண்டாம் அண்ணாச்சி. ஸ்டார்ட் பண்ணி நிறுத்துங்க, பார்ப்போம்” என்றேன்.

கேஜை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. லைட் சுவிட்சைப் போடும் அந்த நொடியில் மூன்று முள்ளும் என்ன செய்கின்றன என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வண்டிக்காரர் எந்த முள்ளுக்குப் பயப்படுகிறாரோ அதை மட்டும்தான் பார்ப்பார். இங்கே லைட் போட்டதும் சூட்டு முள் ஏறியது, வோல்ட் மீட்டர் இறங்கியது, ஆயில் பிரஷரும் இறங்கியது. மூன்றும் ஒரே துடிப்பில். லைட்டை அணைத்தால் மூன்றும் பழைய இடத்துக்குத் திரும்பின. தண்ணீர் ஒரு நொடியில் 20 டிகிரி சூடாகி மறுநொடி ஆறாது. மூன்று முள் சேர்ந்து அசைந்தால் இன்ஜினில் தேடிப் பயனில்லை. மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறதோ அங்கேதான் கோளாறு. பொதுவாக இருப்பவை இரண்டு: சாவி போட்டதும் கரண்ட் வரும் சாவி சப்ளை, கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போகும் எர்த்.

இந்த வகை கேஜுக்குள் இரண்டு காயில்கள், அதாவது கம்பிச் சுருள்கள், இருக்கும். ஒன்றில் கரண்ட் சாவி சப்ளையிலிருந்து வந்து கேஜின் எர்த்துக்குப் போகும். இன்னொன்றில் இன்ஜினில் மாட்டியுள்ள சென்டர் (சூட்டையோ பிரஷரையோ உணர்ந்து கேஜுக்குச் சொல்லும் சென்சார்) வழியாகப் போகும். இரண்டும் காந்தமாக இழுக்க, அந்த இழுப்பின் விகிதத்தில் முள் நிற்கும். கேஜின் எர்த் கெட்டால் முதல் காயிலின் கரண்ட் குறையும், சென்டர் பக்கக் கரண்ட் ஓங்கும். அதாவது சென்டரின் ஓம் (மின்தடை) குறைந்ததுபோல கேஜ் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் சூட்டு சென்டர் சூடு ஏற ஏற ஓம் குறைகிற ரகம். ஆகவே முள் சூட்டுப் பக்கம் ஓடும். இந்த வண்டியில் இருந்த ஆயில் பிரஷர் சென்டர் நேர்மாறு. பிரஷர் இல்லாதபோது 10 ஓம், முழு அளவில் 180 ஓம் காட்டும் ரகம் அது. அதில் ஓம் குறைந்ததாகப் பட்டால் பிரஷர் விழுந்தது என்று முள் சொல்லும். வோல்ட் மீட்டரோ தன் சொந்த எர்த்திலிருந்து அளப்பது, அந்த எர்த்தில் வோல்ட் ஏறினால் முள் காட்டும் வோல்ட் குறையும். ஒரு கெட்ட எர்த் மூன்று கேஜையும் பயமுறுத்தும் பக்கமாகவே தள்ளுகிறது. இரவில் தனியாக மலை ஏறுபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இனி அளவுக்கு வருவோம். எர்த்தைச் சோதிக்கப் பலர் மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி, பீப் சத்தம் கேட்டதும் எர்த் நல்லா இருக்கு என்று விட்டுவிடுகிறார்கள். அந்த பீப்பை நம்பாதீர்கள். மீட்டர் அனுப்பும் துளி கரண்ட்டுக்கு ஒரே ஒரு செம்பு இழை போதும். வேலை செய்யும் கரண்ட் ஓடும்போது அந்த இழை தாங்குமா என்பதே கேள்வி. அதனால் வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், லைட் எரிய வேண்டும், மீட்டர் டி.சி. வோல்ட்டில் இருக்க வேண்டும். கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையின் ஈயத்தின் மேலேயே வைத்து, சிவப்பு முனையை கேஜின் எர்த் முனையில் வைத்தேன். லைட் இல்லாமல் 0.2 வோல்ட். லைட் போட்டதும் 1.4 வோல்ட். நல்ல எர்த் என்றால் லைட் எரியும்போதும் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

கணக்கும் ஒத்துப் போயிற்று. மூன்று கேஜிலும் 3 வாட் பல்பு. மூன்றும் சேர்ந்தால் முக்கால் ஆம்பியர். லைட் போட்டதும் கூடிய வோல்ட் 1.2. அதை 0.75-ஆல் வகுத்தால் 1.6 ஓம். ஒரு எர்த் வழியில் 1.6 ஓம் என்பது ரொம்ப அதிகம்.

டாஷ்போர்டுக்குக் கீழே படுத்துப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. மூன்று கேஜின் எர்த் வயர், மூன்று பல்பின் எர்த் வயர், ஆக ஆறு கறுப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, அதிலிருந்து ஒற்றை மெல்லிய வயர் எடுத்து டாஷ்போர்டுத் தகட்டில் ஒரு செல்ஃப் ஸ்க்ரூவில் மாட்டியிருந்தார்கள். தகட்டில் பெயின்ட் சுரண்டப்படவில்லை. ஸ்க்ரூவின் மரை மட்டும்தான் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்க்ரூவை எடுத்தபோது மரையின் பள்ளங்களில் செந்துரு தூள் தூளாக உதிர்ந்தது. டேப்பைப் பிரித்தால் பசை உருகி வயரில் ஒட்டிக்கொண்டிருந்தது, உள்ளே செம்பு பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் குற்றாலத்துக்கு அருவி தருகிறது, எங்கள் ஊர் வண்டிகளின் ஜாயின்ட்டுகளுக்குக் களிம்பு தருகிறது. இங்கே முறுக்கி டேப் சுற்றும் ஜாயின்ட்டுக்கு ஆயுள் ஒரு மழைக்காலம்தான்.

கேஜின் எர்த்தையும் விளக்கின் எர்த்தையும் ஒன்றாக முறுக்கியதுதான் இதில் பெரிய தப்பு. விளக்கு வயரை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. அழகுக்கு எரிவது, எங்கே எர்த் கிடைத்தாலும் சரி என்று நினைக்கிறார்கள். ஆனால் கேஜ் பின்பக்கம் ஓடும் வயர்களில் அதிகக் கரண்ட் இழுப்பது அந்தப் பல்புதான். முள்ளுக்கான எர்த் துல்லியமாக, அசையாமல் இருக்க வேண்டும். அதே வயரில் பல்பின் கரண்ட்டையும் ஓடவிட்டால், லைட் போடுவதும் அணைப்பதும் அளவுக்குள் வந்துவிடும்.

எர்த்தை மாற்றினேன். மூன்று கேஜுக்கும் தனியாக 1.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு வயர், முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அமுக்கி, ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் சுருக்கி, பேட்டரி எர்த் பட்டை இன்ஜினில் வந்து சேரும் போல்ட்டிலேயே முடுக்கியது. சென்டர்கள் எர்த் எடுப்பது இன்ஜின் உடம்பில். கேஜும் அதே இடத்தில் எர்த் எடுத்தால் இருவருக்கும் நடுவே வித்தியாசம் வராது. பல்புகளின் எர்த் வேறு வயர். அது பாடியில், பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளிச்சென்று தெரிந்த இடத்தில், நட் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவியது. திரும்ப அளந்தால் லைட் எரிந்தாலும் எரியாவிட்டாலும் 0.03 வோல்ட். லைட் போட்டால் எந்த முள்ளும் அசையவில்லை.

இத்தோடு விட்டிருந்தால் அண்ணாச்சி சந்தோஷமாகப் போயிருப்பார். ஆனால் சூட்டு முள் இப்போது எந்நேரமும் 75-க்கும் கீழேயே நின்றது. தெர்மோஸ்டாட் உறையில் டெம்பரேச்சர் கன்னை நீட்டிப் பார்த்தால் வெளிப்பக்கமே 80-ஐத் தாண்டியிருந்தது. உள்ளே தண்ணீர் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆக இத்தனை நாளும் பகலில் காட்டியதும் பொய், இரவில் காட்டியதும் பொய். இரவில் பயந்து நின்றதால் வண்டிக்கு நஷ்டமில்லை. பகலில் குறைத்துக் காட்டியதுதான் ஆபத்து. கோடையில் ஆள் ஏற்றிக்கொண்டு கோட்டைவாசல் ஏறும்போது உண்மையில் 100-ஐத் தொட்டாலும் முள் 90 என்று சொல்லியிருக்கும். ஹெட் கேஸ்கெட் போகிற வழி இது.

முதலில் கேஜ் நல்லதா என்று பார்க்க வேண்டும். சென்டரில் இருந்து வயரைக் கழற்றினால் முள் குளிர்ந்த பக்கக் கடைசிக்குப் போக வேண்டும். அந்த வயரை ஒரு நொடி இன்ஜினில் தொட்டால் சூட்டுப் பக்கக் கடைசிக்கு ஓட வேண்டும். இரண்டும் நடந்தது. கேஜும் அதன் வயரும் சுத்தம். மிஞ்சுவது சென்டர்.

சென்டரைக் கழற்றினால் மரையில் டெஃப்லான் டேப் கனமாக, பல சுற்று. குழாய் மாட்டுகிற பழக்கம் அது. ஒற்றை முனை சென்டர் தன் மரை வழியாகத்தான் இன்ஜினில் எர்த் எடுக்கிறது, அங்கே டேப் சுற்றினால் அதன் எர்த்தையே மூடியதாகிவிடும். முடுக்கும்போது மரை டேப்பை அங்கங்கே அறுத்துவிடுவதால் எர்த் தொடர்பு முழுதும் போய்விடாமல் கொஞ்சம் மிஞ்சும். அதனால்தான் முள் செத்துப் போகாமல், குறைத்துக் காட்டிக்கொண்டு இருந்தது. முள் செத்திருந்தால் அன்றைக்கே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

சென்டரைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. டீக்கடையில் இருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வாங்கி, ஸ்டவ்வில் வைத்துக் கொதி அடங்காமல் பார்த்துக்கொண்டு, சென்டரின் மரைப் பக்கத்தை அதில் முக்கி, முனைக்கும் உடம்புக்கும் நடுவே ஓம் அளந்தோம். 38 ஓம். இந்த ரக சென்டருக்கு 100 டிகிரியில் வர வேண்டிய அளவுதான் அது. சென்டர் நல்லது. பிறகு அதே டேப்போடு மறுபடி முடுக்கி, முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் ஒருமுறை, முனைக்கும் சென்டரின் உடம்புக்கும் ஒருமுறை அளந்தால், இரண்டுக்கும் வித்தியாசம் 14 ஓம். வயரை அசைத்தால் அதுவும் மாறியது. 38 ஓமோடு இந்த 14-ஐச் சேர்த்தால் 52. கேஜுக்கு 52 ஓம் என்றால் 90 டிகிரிக்குப் பக்கம். கணக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

டேப்பை முழுக்க உரித்து, மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, செம்பு வாஷர் போட்டு முடுக்கினோம். வாஷர் உட்காராத கூம்பு மரை என்றால் மரைப் பசை கொஞ்சமாக, மேல் மரையில் மட்டும் தடவி, முடுக்கிய பிறகு ஓம் அளந்துவிட வேண்டும். இன்னொரு ரகமும் இந்தப் பக்கம் நிறைய வருகிறது. ரேடியேட்டர் ஹோஸை வெட்டி, நடுவே அலுமினிய அடாப்டர் செருகி அதில் சென்டர் மாட்டுவது. இரண்டு பக்கமும் ரப்பர். அடாப்டரில் தனி எர்த் வயர் போடாவிட்டால் சென்டருக்கு எர்த்தே கிடையாது.

முள் சரியாகிவிட்டது. அப்புறம் அண்ணாச்சி, “பல்பு மஞ்சளா மங்கலா இருக்கு, எல்லாத்தையும் எல்.இ.டி. ஆக்கிருங்க” என்றார். வண்டியின் முன் பார்க்கிங் லைட்டை அவர் ஏற்கெனவே எல்.இ.டி.யாக மாற்றியிருந்தார். கேஜ் பல்பையும் பழைய மீட்டரின் பல்பையும் எடுத்துவிட்டு அதே அளவு ஒற்றை எல்.இ.டி. பல்புகளைப் போட்டோம். இதில் பலரைக் குழப்புவது ஒன்றுதான். சாதா பல்புக்குப் பாசிட்டிவ் நெகட்டிவ் கிடையாது, எல்.இ.டி.க்கு உண்டு. எரியவில்லை என்றால் பல்பு போச்சு என்று தூக்கிப் போடாமல் திருப்பிச் செருகிப் பாருங்கள்.

வண்டியை ஷெட்டுக்குள் இருட்டில் நிறுத்தி, லைட் எல்லாம் அணைத்து, வெளியே எடுப்பதற்காக பிரேக்கை மிதித்தார். மூன்று கேஜும் மங்கலாக எரிந்தன. காலை எடுத்ததும் அணைந்தன.

இதைப் பார்த்ததும் எனக்கு கேஜ் மேல் இருந்த கவனம் முழுக்க வண்டியின் பின்பக்கம் போய்விட்டது. பிரேக் மிதித்தால் டாஷ்போர்டு விளக்கு எரிவது என்றால், பின் விளக்கில் எர்த் இல்லை, ரிட்டர்ன் அடிக்கிறது என்று பொருள். பின் விளக்கில் இருப்பது 21 வாட், 5 வாட் என்று இரண்டு இழை உள்ள பல்பு. பிரேக்குக்கு 21, பார்க்கிங்குக்கு 5. இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அந்த எர்த் அறுந்தால் பிரேக் சப்ளை 21 வாட் இழை வழியாக வந்து, போக வழி இல்லாமல், 5 வாட் இழைக்குள் பின்னோக்கிப் புகுந்து பார்க்கிங் லைனில் ஏறிவிடும். பார்க்கிங் லைனில்தான் டாஷ்போர்டு விளக்கும் கேஜ் விளக்கும் சப்ளை எடுக்கின்றன. முன்பு இருந்த சாதா பல்புகள் குளிர்ந்த நிலையில் ஓம் ரொம்பக் குறைவாக இருந்ததால் இந்தக் கசிவை எரியாமலே விழுங்கிவிட்டன. எல்.இ.டி.க்குச் சில மில்லி ஆம்பியர் போதும். அது காட்டிக்கொடுத்துவிட்டது.

பிரேக்கை மிதிக்கச் சொல்லி அளந்தேன். பார்க்கிங் லைனில் ஐந்தரை வோல்ட். வலது பின் விளக்கின் 5 வாட் இழை எர்த்தோடு இருந்ததால் இரண்டு 5 வாட் இழையும் சப்ளையைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. நம்பர் பிளேட் பல்பு முன்பே ஃபியூஸ் போயிருந்தது. இடது பின் விளக்கின் உறையில் சிவப்பு முனையை வைத்தால் 11 வோல்ட். எர்த்தாக இருக்க வேண்டிய இரும்பில் 11 வோல்ட். விளக்கை பாடியோடு பிடிக்கும் போல்ட் முழுக்கத் துருவாகி, சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

இரவில் இது எப்படித் தெரியும் என்று அண்ணாச்சியைப் பின்னால் நிற்க வைத்து லைட் போட்டுக் காட்டினேன். இடது விளக்கு ஏறக்குறைய சாதாரணமாகவே எரிந்தது. 5 வாட் இழையின் கரண்ட் 21 வாட் இழை வழியாக பிரேக் லைனுக்குள் போய் வலது பக்க பிரேக் இழையில் எர்த் தேடிக்கொள்கிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. இப்போது பிரேக்கை மிதித்தேன். இடது விளக்கு முழுதாக அணைந்தது. இரண்டு பக்கமும் 12 வோல்ட், நடுவில் எர்த் இல்லை, கரண்ட் எந்தப் பக்கமும் ஓடாது. பிரேக் பிடிக்கும்போது பிரகாசமாக வேண்டிய விளக்கு அந்த நேரம் பார்த்து அணைகிறது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் புளியரை வளைவுகளில், பின்னால் வரும் லாரிக்காரருக்கு இந்த ஜீப் ஒற்றை விளக்கோடு தெரிந்திருக்கிறது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. “நம்பர் பிளேட் பல்பும் மாத்திருங்க தம்பி” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பின் விளக்குக்கும் போல்ட்டை நம்பாமல் தனி எர்த் வயர் இழுத்து, சேஸிஸில் லக் போட்டு முடுக்கினோம். பிரேக் மிதித்தால் பார்க்கிங் லைனில் சுழி.

சப்ளை பக்கமும் சிலதைத் திருத்த வேண்டியிருந்தது. கேஜ் சப்ளையை பாட்டுப் பெட்டி வயரில் எடுத்திருந்தார்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது அந்த லைன் அறுந்துவிடும், முள் விழுந்து எழும். ஐரோப்பிய முறையில் எண் போட்ட வண்டிகளில் 15 என்பது சாவி போட்டதும் வருவது, ஸ்டார்ட் அடிக்கும்போதும் அறாமல் இருப்பது. 30 எப்போதும் பேட்டரி. 31 எர்த். 58 பார்க்கிங், டாஷ் விளக்கு. கேஜ் சப்ளை 15-இல் இருந்து, 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு. விளக்கு 58-இல் இருந்து. வயரின் நிறத்தை நம்பி மாட்டாதீர்கள். கேஜ் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்துவிட்டே தொடுங்கள்.

புதிய கார்களில் இதே வேலைக்கு வருபவர்களுக்கு இரண்டு விஷயம். இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகும் இரண்டு முனை சூட்டு சென்சாரில் கேஜ் வயரைச் சேர்க்கவே கூடாது. அது 5 வோல்ட்டில் ஓடுவது. அளவு கெட்டால் கம்ப்யூட்டர் தப்பான டீசல், பெட்ரோல் கணக்குப் போடும். கேஜுக்குத் தனி சென்டர்தான். அடுத்து, சில ஜப்பானிய வகைக் கார்களில் டாஷ் விளக்கின் வெளிச்சத்தை எர்த் பக்கம் கட்டுப்படுத்துகிறார்கள். அங்கே விளக்கின் ஒரு வயரைப் பழக்கப்படி பாடியில் எர்த் செய்தால் கேஜ் மட்டும் மங்காமல் முழு வெளிச்சத்தில் நிற்கும். முதலில் டாஷ் பல்பின் இரண்டு முனையிலும் அளந்து, வெளிச்சத்தைக் குறைக்கும்போது எந்தப் பக்க வோல்ட் மாறுகிறது என்று பாருங்கள். அடித்து அடித்துக் கரண்ட் விடும் புது டிம்மர்களில் எல்.இ.டி. படபடக்கும். அவ்வளவு படபடப்பு என்றால் கேஜ் விளக்கை டிம்மருக்கு முன்னாலேயே பார்க்கிங் லைனில் எடுத்துவிடலாம்.

ஜீப்பை இருட்டிய பிறகு ஆரியங்காவு வரை ஓட்டிப் பார்த்தோம். ஏற்றத்தில் முள் 88 பக்கம் நின்றது, லைட்டை அணைத்துப் போட்டாலும் அதே இடம். ஆயில் பிரஷர் பக்கம் இன்னும் ஒரு வேலை பாக்கி. முன்பு மாட்டியவர்கள் கேஜ் சென்டருக்கு இடம் வேண்டி, வண்டியோடு வந்த எச்சரிக்கை விளக்கின் சுவிட்சைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். T வடிவ அடாப்டர் போட்டு இரண்டையும் ஒரே துளையில் மாட்டலாம். அடாப்டர் தென்காசியில் சொல்லி வைத்திருக்கிறது. அது வரும்வரை டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு வேலை செய்யாது என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கம் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். ஜீப்பை ஓட்டுவது அண்ணாச்சி மட்டும் இல்லையே.